சுவரொட்டியில் இருப்பது நூலகம் அல்ல

பழைய சென்னையை நடந்து சுற்றிக்காட்டும் குழுவின் பொறுப்பாளர்களுக்கு,

அடுத்த மாதத்திலிருந்து உங்கள் எழும்பூர் நடையில் கன்னிமாரா நூலகம் இருக்காது என்று வாட்ஸ்அப்பில் அறிவித்திருக்கிறீர்கள். நேரம் போதவில்லை என்று ஒரு காரணம் சொல்கிறீர்கள். அந்த இடத்தில் வருகிறவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று இன்னொரு காரணம். முதல் காரணத்தோடு நிறுத்தியிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். இரண்டாவதை என்னால் விழுங்க முடியவில்லை, ஏனென்றால் போன மாதம் அந்த நடையில் நானும் இருந்தேன்.

ஆளுக்கு 300 ரூபாய் கட்டி, என் பேத்தியையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எழும்பூர் ரயில் நிலைய வாசலில் வந்து நின்றேன். வழிகாட்டியாக வந்த தம்பி நன்றாகப் பேசுகிறவர், குறை சொல்ல முடியாது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் அரை மணி நேரம் நிறுத்தினார். 1821இல் கட்டியது, அடியில் சேற்று நிலம், அதனால் கிணறு கிணறாக இறக்கி அதன் மேல் அஸ்திவாரம் போட்டார்கள் என்று அவர் விளக்கியபோது கூட்டத்தில் ஒருவர் கூடக் கைப்பேசியைப் பார்க்கவில்லை. ஒரு கட்டடம் எப்படி நிற்கிறது என்று சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

அப்புறம் பாந்தியன் சாலைக்கு வந்தோம். மணி எட்டேகால். நூலகம் இன்னும் திறக்கவில்லை. வெளியே நின்றபடியே தம்பி சொன்னது இவ்வளவுதான்: 1896இல் கட்டியது, இர்வின் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது, இந்திய, முகலாய வடிவங்களை ஆங்கிலேயர் கட்டடத்தோடு கலந்த இந்தோ சாரசெனிக் பாணி, கன்னிமாரா ஹோட்டல்காரர்கள் கட்டிக்கொடுத்த நூலகம், உள்ளே போனால் ஹாரி பாட்டர் படத்தில் வருகிற மாதிரி இருக்கும். நான்கு நிமிடம். பிறகு டிபன் சாப்பிட நாற்பது நிமிடம். என் பேத்தி என்னிடம், "தாத்தா, நீங்க படிச்சது ஹோட்டல்காரங்க லைப்ரரியிலயா?" என்று கேட்டாள்.

திறக்காத கட்டடத்தின் வெளியே நிறுத்தி, நான்கு நிமிடம் தவறான தகவல் சொல்லிவிட்டு, ஆர்வம் இல்லை என்று பழியைக் கூட்டத்தின் மேல் போடுவது எந்த நியாயம்?

இன்னொன்று. உங்கள் சுவரொட்டியில் "கன்னிமாரா நூலகம்" என்று போட்டு ஒரு படம் இருக்கிறதே, அது நூலகமே அல்ல. அதே வளாகத்தில் சற்றுத் தள்ளி, இளஞ்சிவப்புக் கல்லில், பெரிய முகலாய வாசல் போல நிற்கும் தேசிய ஓவியக் கூடம் அது. விக்டோரியா மகாராணி இறந்த பிறகு அவர் நினைவாக எழுப்பிய மண்டபம். 1906இல் அடிக்கல் நாட்டி 1909இல் திறந்தார்கள். வரைந்தவர் அதே இர்வின்தான் என்பதால் குழப்பம் வருவது இயல்பு. ஆனால் ஆறு மாதமாக அதே படம் ஓடுகிறது. நான் செய்தி அனுப்பிச் சொன்னேன். கைகூப்பும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது. படம் மாறவில்லை.

நான் யார் என்று கேட்பீர்கள். கட்டட வேலையில் மேற்பார்வையாளராக 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். 1979இல் திண்டிவனம் பக்கத்திலிருந்து டிப்ளமோவோடு வந்து, எழும்பூரில் ஒரு மேன்ஷனில் நான்கு பேரோடு அறையைப் பங்கு போட்டுக்கொண்டு, பகல் முழுக்கக் கன்னிமாராவில் உட்கார்ந்து அரசுத் தேர்வுக்குப் படித்தவன். படிக்கும் இடம் அப்போதே பின்னால் வந்த புதிய கட்டடம்தான். ஆனால் ஒரு நாள் பழைய மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தேன். அன்றைக்குத் தேர்வுக்குப் படித்தது எதுவும் இப்போது நினைவில் இல்லை. அண்ணாந்து பார்த்த வளைவுகளும், அவற்றின் மேல் சுற்றிக் கிடந்த இலைகளும் பூக்களும், வண்ணக் கண்ணாடி வழியாக இறங்கிய வெளிச்சமும், சுவரோரம் நின்ற தேக்கு அலமாரிகளும் அப்படியே நினைவில் இருக்கின்றன. கட்டட வேலைக்குப் படித்தவன் ஆனதால் என் மண்டையில் ஓடிய கேள்வி ஒன்றே ஒன்று: இவ்வளவு உயரம் எதற்கு?

உங்கள் வழிகாட்டி சொல்லாமல் விட்டது இந்தக் கேள்விக்கான பதிலைத்தான்.

1896 டிசம்பர் 5ஆம் தேதி இந்த நூலகம் திறந்தபோது சென்னையில் வீட்டுக்கு வீடு மின்சாரம் கிடையாது. அது வந்தது அடுத்த நூற்றாண்டில். ஆகவே புத்தகம் படிக்க வேண்டுமானால் சூரியன்தான் விளக்கு. எண்ணெய் விளக்கையோ வாயு விளக்கையோ புத்தகங்களுக்கு நடுவில் ஏற்ற எல்லோருக்கும் துணிச்சல் வராது. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் வட்டமான வாசக சாலையை 1857இல் திறந்தார்கள். இரும்புச் சட்டத்தில் தூக்கி நிறுத்திய குவிமாடம், குறுக்களவு 140 அடி. அங்கேயும் நெருப்புக்குப் பயந்து விளக்கே வைக்கவில்லை. மூடுபனி இறங்கி வெளிச்சம் போய்விட்டால் வாசகர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 1879இல் மின் விளக்கு வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. உலகத்தையே ஆண்டவர்களின் தலைநகரத்திலேயே நிலைமை அதுதான்.

விக்டோரியா காலத்து நூலகங்கள் பலவற்றின் உருவத்தைத் தீர்மானித்தது இந்தச் சங்கடம். புத்தகத்துக்குச் சுவர் வேண்டும். வாசகனுக்கு ஜன்னல் வேண்டும். இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். சுவர் முழுக்க அலமாரி வைத்தால் இருட்டு, சுவர் முழுக்க ஜன்னல் வைத்தால் புத்தகம் வைக்க இடமில்லை. அதனால் கீழ்ப்பகுதியை அலமாரிக்குக் கொடுத்துவிட்டு, ஜன்னலைத் தலைக்கு மேலே தூக்கினார்கள். மேலிருந்து விழும் வெளிச்சம் நடுவில் இருக்கும் மேசை வரைக்கும் வரும். அதற்குத்தான் அவ்வளவு உயரம்.

லண்டனில் வெளிச்சம் போதவில்லை என்று கஷ்டப்பட்டார்கள் என்றால், சென்னையில் வெயில் அதிகம் என்று கஷ்டம். சித்திரை மாத வெயிலை நேராக உள்ளே விட்டால் மூன்று வருஷத்தில் அட்டை வெளுத்து, காகிதம் அப்பளமாக நொறுங்கும். வண்ணக் கண்ணாடியை அழகுக்கு வைத்தார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூசும் வெளிச்சத்தை வடிகட்டி அனுப்பும் வேலையையும் அது செய்கிறது. உயரமான கூரையின் கீழ் சூடான காற்று மேலே போய்விடும், உட்கார்ந்திருப்பவனுக்குக் கொஞ்சம் ஆசுவாசம். தேக்கு எதற்கு? கரையான். இந்த ஊரில் கரையானுக்குத் தப்பிய புத்தகம்தான் புத்தகம். தேக்கில் இருக்கும் எண்ணெய்ப் பசையை அது தொடாது. இப்படி ஒவ்வொன்றையும் கேள்வி கேட்டுக்கொண்டே போனால், அந்த மண்டபம் படிப்பதற்காகச் செய்த ஒரு கருவி என்று தெரியும். இதைச் சொல்ல நான்கு நிமிடம் போதாதுதான். பத்து நிமிடம் போதும்.

சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 1896இல் இந்த ஊரில் சிமெண்ட் செய்யும் ஆலை கிடையாது. 1904இல் சென்னையில் சிமெண்ட் செய்து பார்த்தார்கள், அதுவும் சரியாக ஓடவில்லை. ஆகவே அந்தக் காலத்துக் கொத்தனார் நம்பியது சுண்ணாம்புக் காரையை. சுட்ட சுண்ணாம்பை மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் விட்டுப் புளிக்க வைத்துப் பூசுவார்கள். தளம் போடும் நாளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் பாட்டுப் பாடிக்கொண்டே தட்டுவதை எங்கள் ஊரில் சிறு வயதில் நானே பார்த்திருக்கிறேன். சிமெண்ட் பூச்சு மூச்சு விடாது, சுண்ணாம்பு விடும். சுவர் குடித்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். ஈரம் நின்றால் பூஞ்சை, பூஞ்சை வந்தால் புத்தகம் போச்சு. சரி, நிறுத்திக்கொள்கிறேன்.

யார் கட்டியது என்பதற்கு வருகிறேன். இர்வின் பெயரை மட்டும் சொன்னீர்கள். ஹென்றி இர்வின் பெரிய ஆள்தான். சிம்லாவில் வைஸ்ராய் மாளிகை, மைசூரில் அரண்மனை, இங்கே உயர் நீதிமன்றம், நீங்கள் நடையைத் தொடங்கிய அந்த ரயில் நிலையம் வரைக்கும் அவர் கை பட்டது. ஆனால் அவர் தாளில் வரைந்தார். செங்கல்லைச் சுடவைத்து, தேக்கை இறக்கி, ஆளைப் பிடித்து, கட்டி முடித்துக் கொடுத்தவர் தாடிகொண்ட நம்பெருமாள் செட்டியார். உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரியும் விக்டோரியா பொது மண்டபமும் அவர் கட்டியவையே. கணித மேதை ராமானுஜன் நோயாளியாகத் திரும்பி வந்து 1920இல் கண்மூடியதும் சேத்துப்பட்டில் அவர் கொடுத்த வீட்டில்தான். இப்படிப்பட்ட ஒரு மனிதரின் பெயரை, சென்னையைச் சுற்றிக்காட்டும் நடையில், அவர் கட்டிய சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு சொல்லவில்லை. அவரிடம் வேலை பார்த்த கொத்தனார், ஆசாரி, சித்தாள் பெயர்கள் எனக்கும் தெரியாது. தெரிந்த ஒரு பெயரையாவது சொல்லியிருக்கலாம்.

ஹோட்டல் கதையையும் முடித்துவிடுவோம். கன்னிமாரா என்பது அயர்லாந்தின் மேற்கே உள்ள ஓர் ஊர்ப்பகுதி. அந்தப் பெயரைப் பட்டமாக வைத்திருந்த ராபர்ட் பூர்க் 1886 முதல் 1890 வரை இங்கே ஆளுநராக இருந்தார். 1890 மார்ச்சில் இந்த நூலகத்துக்கு அடிக்கல் நாட்டியதும் அவரே. அவர் பெயர் நூலகத்துக்கும் வந்தது, ஹோட்டலுக்கும் வந்தது, அவ்வளவுதான் சம்பந்தம். எங்கள் மேன்ஷனில் சமைத்த அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் ஊரில் கன்னிமார் கோயில் உண்டு. ஏழு கன்னிமாருக்குக் கட்டிய நூலகம் என்றே கடைசி வரை நம்பிக்கொண்டிருந்தார். ஹோட்டல் கதையைவிட அது எவ்வளவோ மேல்.

அந்த இடத்தின் பழைய கதையை எடுத்தால் உங்களுக்கே ருசிக்கும். பாந்தியன் என்ற பெயர், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரத் துரைமார்கள் விருந்துக்கும் நடனத்துக்கும் கூடிய மாளிகையின் பெயர். 1830இல் அரசாங்கம் அதை வாங்கியது. 1850களில் அருங்காட்சியகம் அங்கே குடியேறியது. அதற்குப் பின் இங்கிலாந்தில் ஹெய்லிபரி என்ற இடத்தில் கிழக்கிந்திய கம்பெனி நடத்திய கல்லூரியில் மிஞ்சிய புத்தகங்கள் கப்பலேறி வந்து அருங்காட்சியகத்தின் ஓர் ஓரத்தில் அடுக்கப்பட்டன. யாரோ வேண்டாம் என்று அனுப்பிய புத்தகங்களில் ஆரம்பித்தது இது.

பிரிட்டனில் 1850இலேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் சம்மதித்தால் பவுனுக்கு அரைப் பென்னி வரி போட்டு நூலகம் கட்டலாம். அங்கே ஊருக்கு ஊர் நிற்கும் விக்டோரியா காலத்து நூலகங்களின் வேர் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. நமக்குக் கட்டடம் முதலில் வந்தது, சட்டம் ஐம்பது வருஷம் கழித்து வந்தது. நடுவில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1924இல் சீர்காழிக்காரரான ரங்கநாதன் என்ற கணித ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்தார். அந்த நூலகம் அப்போது கன்னிமாரா கட்டடத்தில்தான் குடியிருந்தது. சேர்ந்த சில நாட்களிலேயே, இங்கே வேலையே இல்லை, சலிப்பாக இருக்கிறது, என்னைப் பழையபடி பாடம் நடத்தவே விடுங்கள் என்று போய் நின்றார். முதலில் லண்டனுக்குப் போய் நூலகப் படிப்பைப் படித்துவிட்டு வா, பிறகு பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். அங்கே சாதாரண ஜனங்கள் பொது நூலகங்களைத் தங்கள் வீடு போலப் பயன்படுத்துவதைப் பார்த்துவிட்டு வந்தவர், வகுப்பறைக்குத் திரும்பவே இல்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. 1948இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இங்கே நிறைவேறியது. அந்தச் சட்டத்தின்படி 1950இல் மாநில மைய நூலகமாக ஆனது கன்னிமாராதான். இன்றைக்கும் சொத்து வரியோடு சேர்த்து நாம் நூலக வரி கட்டுகிறோம். உங்கள் நடைக்கு வருகிறவர்களில் சென்னையில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் அந்த வாசலுக்குப் பங்குதாரர்கள். அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்கிறீர்கள்.

ஒரு விஷயத்தில் உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. ஓவியக் கூடம் படத்துக்கு நன்றாக விழும். ரயில் நிலையமும் விழும். நூலகத்தின் வெளித்தோற்றம் ஒரே படத்தில் அடங்காது. அருங்காட்சியகமும் அரங்கமும் நூலகமும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தவை, எங்கே எது முடிகிறது என்று பிரிக்கக் கண் பழக வேண்டும். அந்தக் கட்டடக் கூட்டத்துக்கு நடுவே ஓர் உயரமான கோபுரமும் ஒரு காலத்தில் இருந்தது, கட்டிக் கொஞ்ச காலத்திலேயே இடித்துவிட்டார்கள். அது இருந்திருந்தால் நீங்கள் நூலகத்தை விட்டிருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் இந்தக் கட்டடத்தை ஆர அமர உள்ளே இருந்து பார்க்க வேண்டும். ஹாரி பாட்டர் என்று சொல்லிப் பழக்கிவிட்டால் வருகிறவர்கள் தங்களைப் படம் எடுத்துக்கொள்ள ஒரு திரைச்சீலையாகத்தான் அதைப் பார்ப்பார்கள். பக்கத்துக் கட்டடத்தில் போட்டித் தேர்வுக்காகத் தயிர்சாத டப்பாவோடு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். நானும் ஒரு காலத்தில் அந்த டப்பாவோடு உட்கார்ந்தவன். அதனால்தான் இவ்வளவு கோபம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் கேட்பவை.

நூலகத்தை நடையிலிருந்து எடுக்கும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். நேரம்தான் பிரச்சினை என்றால் நடையைத் தலைகீழாக்குங்கள். தேவாலயம், டிபன், ரயில் நிலையம் எல்லாம் முன்னால் வரட்டும், நூலகம் திறந்த பிறகு கடைசியாக அங்கே வந்து சேருங்கள். பழைய மண்டபத்தைப் பார்க்க நூலகத்தாரிடம் முன்கூட்டியே எழுதி அனுமதி கேளுங்கள். ஒரு மாதம் கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் கேளுங்கள்.

சுவரொட்டியில் இருக்கும் படத்தை இந்த வாரமே மாற்றுங்கள். மாற்றியதை, ஏன் மாற்றினோம் என்ற ஒரு வரியோடு குழுவில் போடுங்கள். ஹோட்டல் கதையையும் அதே செய்தியில் திருத்துங்கள். 20 பேர் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

வழிகாட்டிகள் இர்வின் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் நம்பெருமாள் செட்டியார் பெயரையும் சொல்லட்டும், அவர் கட்டிய கட்டடமாக இருந்தால். வெளிச்சம், உயரம், தேக்கு, சுண்ணாம்பு பற்றிப் பேச யாராவது வேண்டும் என்றால் நான் வருகிறேன், காசு வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நூலகத்துக்கு வந்ததும் எல்லோரையும் கைப்பேசியைப் பைக்குள் வைக்கச் சொல்லி, வாசகர்கள் உட்காரும் பகுதியில் ஆளுக்கொரு புத்தகத்தோடு கால் மணி நேரம் உட்கார வையுங்கள். நாற்பது நிமிட டிபனில் அந்தக் கால் மணி நேரத்தை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த நடைக்கு முன்பதிவு இந்த மாதக் கடைசியில் தொடங்குகிறது என்று போட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் பதில் வேண்டும். கைகூப்பும் பொம்மையை இந்த முறை பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நூலகம் இருக்கிறது என்றால் எனக்கும் பேத்திக்கும் இரண்டு இடம் ஒதுக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
1979 முதல் கன்னிமாரா வாசகர்